ஆயிலில் ஓடும் டைமிங் பெல்ட்: 2017 ப்யூர்டெக் வாங்கலாமா?

மூணுசிலிண்டர் எழுதியது:

வணக்கம். பார்த்து வைத்திருக்கும் வண்டி 2017 பெஜோ 208. 1.2 ப்யூர்டெக் டர்போ, 110 குதிரைத்திறன், மேனுவல் கியர், 84,000 கிமீ, ஒரே உரிமையாளர். பெயிண்ட், உள்பக்கம், டயர் எல்லாம் சுத்தம். கால் மணி நேரம் ஓட்டியதில் இழுவையில் குறை தெரியவில்லை, எச்சரிக்கை விளக்கும் எதுவும் எரியவில்லை.

பயமெல்லாம் இன்ஜின் மேல்தான். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, இந்த இன்ஜின் பக்கமே போகாதே என்று எங்கே கேட்டாலும் சொல்கிறார்கள். பெல்ட் இதுவரை மாற்றவில்லை. புத்தகத்தில் 10 வருடம் என்று போட்டிருக்கிறது, இப்போதைக்குத் தொடத் தேவையில்லை என்கிறார் விற்பவர். வண்டி பெரும்பாலும் உள்ளூர் ஓட்டம்தானாம்.

கேள்விகள் மூன்று. இன்ஜினைப் பிரிக்காமலே அதன் நிலையை எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்? வாங்கியவுடன் பெல்ட்டை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? எதைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு திரும்பிவிட வேண்டும்?

---

சம்ப்கழட்டி எழுதியது:

10 வருடக் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். இன்ஜின் புதிதாக வந்த காலத்தில் கம்பெனி அப்படித்தான் சொன்னது. அதற்கு வெகு முன்பே பெல்ட்கள் சிதைவது தெரிந்தபின் 6 வருடம் அல்லது 1,00,000 கிமீ, எது முதலில் வருகிறதோ அது என்று குறைத்துவிட்டார்கள். உங்கள் வண்டியில் கிமீ மிச்சம் இருக்கிறது, வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. “உள்ளூர் ஓட்டம்தான்” என்று விற்பவர் நல்லதாகச் சொன்னாரே, இந்த இன்ஜினுக்கு அதுதான் கெட்ட செய்தி.

காரணம் இது. சாதாரண டைமிங் பெல்ட் உலர்ந்த கவருக்குள் ஓடும். இதில் ஆயில் தெறிக்கும் இடத்திலேயே ஓடுகிறது. உராய்வும் சத்தமும் குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. 2015 முதல் 2018 வரை நான்கு வருடம் தொடர்ந்து தன் பிரிவில் சர்வதேச ‘இன்ஜின் ஆஃப் தி இயர்’ விருது வாங்கிய இன்ஜின் இது. விருது கொடுப்பவர்கள் ஏழு வருடம் பழகிய வண்டியை ஓட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதால் குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படியும். அது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வழிந்து ஆயிலில் கலக்கும். நீண்ட பயணம் போனால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். தினம் நாலு கிமீ போய்வந்து நிற்கும் வண்டியில் அதற்கு நேரமே கிடைக்காது. இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பின் கொள்ளளவும் சுமார் மூன்றரை லிட்டர்தான், கொஞ்சம் பெட்ரோல் சேர்ந்தாலே விகிதம் எகிறும். பெட்ரோல் கலந்த ஆயிலில் பெல்ட் ரப்பர் ஊறும். ஊறினால் தடிக்கும், அகலும், ஓரம் பிசிறும், கடைசியில் பொடிப்பொடியாக உதிரும்.

உதிர்ந்தது ஆயிலோடு சம்புக்குப் போகிறது. அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை ஸ்டிரெய்னர் இருக்கிறது. ரப்பர் துணுக்கும் பெல்ட் நூலும் அதில் ஒரு கம்பளி மாதிரி படிந்துவிடும். பிரஷர் குறைந்தால் டர்போ பேரிங்கும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசரும் முதலில் அடிவாங்கும், அப்புறம் கிராங்க் பேரிங். பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்பிலும் இதே ஆயில்தான் ஓடுகிறது. துணுக்கு அங்கே போனால் பிரேக் பெடல் கல்லாக இறுகும். இதற்கென்றே ரீகால் வந்திருக்கிறது. பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதிவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அறுவதற்கு முன்பே ஆயில் பட்டினியில் இன்ஜின் சாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

இந்த இன்ஜினில் ஒரு வசதி உண்டு: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட்டின் முதுகில் குறுக்குவாக்கில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா? ஓரங்களில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா? முதுகு மங்கலாக இல்லாமல் வழவழவென்று பளபளக்கிறதா? நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் கெட்டியாக எதிர்க்கும். ஊறியது லேசாகப் பள்ளம் விழுந்து மெதுவாகத் திரும்பும், சில சமயம் நகத்தில் கறுப்பாக ஒட்டும்.

ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். டாப் கியரில் போட்டு, தூக்கிய சக்கரத்தை முன்னோக்கி உருட்டினால் இன்ஜின் மெல்லச் சுழலும். ஒருவர் உருட்ட, ஒருவர் பார்க்க வேண்டும். முழு பெல்ட்டும் வாய்க்கு வந்து போக கிராங்க் பல சுற்று சுற்ற வேண்டும், பொறுமை தேவை. பின்னோக்கி உருட்ட வேண்டாம்.

அகலம் பார்க்க கம்பெனி ஒரு கேஜ் வைத்திருக்கிறது. சின்ன கவட்டை மாதிரி இருக்கும். மூடி வாய் வழியாக இறக்கினால் பெல்ட்டின் இரண்டு ஓரத்தையும் கவ்விக்கொண்டு முழுசாக உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் பெல்ட் ஊறி அகன்றுவிட்டது, வேறு விவாதம் வேண்டாம். இந்த இன்ஜினை வழக்கமாகப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் இது இருக்கும். ஐந்து பத்து இடங்களில் அளக்கச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தாலோ, ஆயில் மட்டம் அதிகபட்சக் கோட்டுக்கு மேல் இருந்தாலோ கலப்பு இருக்கிறது. வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு வைத்து அரை மணி விடுங்கள். நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி எண்ணெய்க் காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும் அகலமான வளையம் என்று பரவினால் பெட்ரோல் சந்தேகம் வலுக்கும். லேப் ரிப்போர்ட்டுக்கு இது ஈடில்லை, இலவசம் என்பதுதான் இதன் பெருமை.

---

ரீடிங்மட்டும் எழுதியது:

மேலே சொன்னது கண்ணுக்கு. நான் ஸ்கேனர் பக்கம் சொல்கிறேன். வண்டியின் ஓபிடி (கம்ப்யூட்டர் சோதனை) சாக்கெட்டில் செருகும் சாதாரண புளூடூத் அடாப்டரும் போன் ஆப்பும் போதும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு இக்னிஷன் மட்டும் ஆன் செய்து கூலன்ட் வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை இரண்டையும் படியுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் 3 முதல் 5 டிகிரிக்குள் ஒத்துப்போகும். கூலன்ட் 48, காற்று 29 என்று காட்டினால் நீங்கள் வருவதற்கு முன் யாரோ இன்ஜினை ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். கோல்டு ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தை மறைக்க இது பழைய வழி. சண்டை போட வேண்டாம், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது “கோடு அழித்தபின் ஓடிய தூரம்”. கோடு என்றால் வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழை எண். ஓபிடி பொது டேட்டாவிலேயே இது கிடைக்கும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. 6,000 கிமீ என்று வந்தால் சமீபத்தில் யாரும் எதையும் அழிக்கவில்லை. 40 கிமீ என்று வந்தால் நேற்றோ முந்தாநாளோ அழித்திருக்கிறார்கள். கூடவே ரெடினஸ் மானிட்டர்களை, அதாவது கம்ப்யூட்டர் தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியலைப் பாருங்கள். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்ஸார் எல்லாம் “முடியவில்லை” என்று கிடந்தால் அதே கதைதான். ஒரு எச்சரிக்கை: புது பேட்டரி மாட்டும்போதும் மானிட்டர்கள் அழிந்துபோகலாம். அதனால் உடனே ஆளைத் திருடன் என்று முடிவுகட்டாதீர்கள். பேட்டரி பில்லைக் கேளுங்கள், தேதி பொருந்தினால் சரி.

இந்த இன்ஜினில் நான் தேடும் கோடுகள்: பி0011, பி0014 (கேம் கோணம் கட்டளைக்கு ஒத்துப்போகவில்லை), பி0016, பி0017 (கிராங்குக்கும் கேமுக்கும் பொருத்தம் தவறியிருக்கிறது), பி0524 (ஆயில் பிரஷர் குறைவு), பி0300 முதல் பி0303 வரை மிஸ்ஃபயர். முதல் இரண்டைப் பார்த்தவுடன் பலரும் கேம் சோலனாய்டை (கேம் ஃபேசருக்கு ஆயில் விடும் மின்வால்வு) மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சோலனாய்டு வலையில் ரப்பர் அடைத்திருந்தால் புது சோலனாய்டும் சில மாதத்தில் அதே கோட்டைப் போடும். சர்வீஸ் பில்லில் சோலனாய்டோ ஆயில் பிரஷர் ஸ்விட்சோ மாற்றியதாக இருந்தால் அதை மஞ்சள் விளக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்டிங் கோடுகளையும் தனியாகப் படிக்க வேண்டும். விளக்கு எரியாது, ஆனால் கோடு காத்துக்கொண்டிருக்கும்.

ஃபியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்): சூடான ஐடிலில் லாங் டெர்ம் ±5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பிளஸ் 10-ஐத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது எரிபொருள் போதுமான அளவு வரவில்லை. இங்கே மைனஸ் பக்கமும் பேசும். ஆயிலில் பெட்ரோல் நிறையக் கலந்திருந்தால் அந்த ஆவி பிசிவி (சம்ப் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) வழியாகத் திரும்ப உள்ளே வரும், இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும், ட்ரிம் மைனஸில் போகும். சூடான இன்ஜினில் மைனஸ் 8, மைனஸ் 10 என்று நின்றால் சம்ப்கழட்டி சொன்ன டிஷ்யூ சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள்.

---

செயின்தான்பெஸ்ட் எழுதியது:

இவ்வளவு பாடு எதுக்குங்க? செயின் போட்ட இன்ஜினா பார்த்து வாங்கிட்டா நிம்மதி. இந்த இன்ஜினுக்கே கடைசியில 2023-ல வந்த ஹைப்ரிட் வெர்ஷன்ல செயின்தான போட்டாங்க?

---

சம்ப்கழட்டி எழுதியது:

போட்டார்கள், உண்மைதான். ஆனால் செயின் என்றாலே நிம்மதி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிஎம்டபிள்யூ என்47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. சத்தம் வந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் அதைத் தொடக்கூட முடியாது. ஃபோக்ஸ்வாகன் இஏ888 இன்ஜினின் ஆரம்பத் தலைமுறைகளில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் விட்டுக்கொடுத்தது, இரண்டாம் தலைமுறையில் பிஸ்டன் ரிங் ஆயில் குடித்தது. மறுபக்கம் ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட்டின் ஆரம்பப் பதிப்புகளும் ஆயில் பெல்ட்தான், அதிலும் இதே ஸ்டிரெய்னர் கதை உண்டு.

செயின் வண்டி பார்த்தால் கோல்டு ஸ்டார்ட்டின் முதல் இரண்டு மூன்று விநாடியைக் கேளுங்கள். தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம் வந்து நின்றால் டென்ஷனரில் பிரஷர் நிற்கவில்லை. செயினும் ஆயிலை நம்பித்தான் வாழ்கிறது. தேய்ந்த செயின் சத்தம் போட்டுச் சொல்லும், ஊறிய பெல்ட் சத்தமே போடாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

---

டார்க்ரெஞ்ச் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. “பெல்ட் மாற்றியாச்சு” என்ற ஒரு வரியில் இரண்டு வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கும்.

ஒன்று: பெல்ட், டென்ஷனர், கிராங்க் சீல், ஆயில், ஃபில்டர் மாற்றி மூடிவிடுவது. இரண்டு: அதோடு சம்பைக் கழற்றி ஸ்டிரெய்னரைக் கழுவி அல்லது புதிதாகப் போட்டு, கேம் சோலனாய்டு வலைகளைச் சுத்தம் செய்து, வேக்குவம் பம்பின் ஆயில் வழியையும் பார்த்து மூடுவது. பழைய பெல்ட் சிதையாமல் முழுசாக வந்தால் முதல் வேலை போதும். ஒரு பல் உதிர்ந்திருந்தாலும் இரண்டாவது வேலை கட்டாயம். புது பெல்ட்டைப் போட்டு, பழைய பெல்ட்டின் கழிவைச் சம்பிலேயே விட்டுவைத்தால் செலவு செய்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் ஏற்கெனவே பெல்ட் மாற்றிய வண்டி என்று யாராவது விற்றால் பில்லில் சம்ப் கேஸ்கெட் அல்லது சம்ப் சீலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சம்ப் திறக்கப்படவில்லை.

வேலை செய்யும்போது தவறுகிற இடங்கள்:

ஃபிளைவீல் லாக் பின்னும் கேம் லாக் டூலும் இல்லாமல் பெயிண்ட் குறி வைத்துக்கொண்டு மாற்றுவது. ஒரு பல் தள்ளினால் வண்டி ஓடும், பி0016 வரும், பிறகு எல்லாரும் சென்ஸாரைத் திட்டுவார்கள். மாட்டி முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, லாக் பின்கள் மறுபடி சுலபமாக இறங்குகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கவரை மூட வேண்டும்.

கோண அளவில் முறுக்கும் போல்ட்களைத் திரும்பப் பயன்படுத்துவது. அவை ஒருமுறை இழுபட்டவை, புதிதாகத்தான் போட வேண்டும்.

ஆயில் மாற்றும் முன் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவது. இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அதில் இருப்பது கரைப்பான். பெட்ரோல் வருடக்கணக்கில் பெல்ட்டுக்குச் செய்ததை அது சீக்கிரமே செய்துவிடும். ஒட்டியிருந்த கசடையும் கிளப்பி ஒரே நேரத்தில் ஸ்டிரெய்னருக்கு அனுப்பும்.

ஆயில்: தடிமன் எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. டப்பாவில் 0டபிள்யூ-30 என்று இருப்பது ஒரு விஷயம், பெஜோ–சிட்ரோயன் ஒப்புதல் பி71 2312 இருப்பது இன்னொரு விஷயம். ஆயிலில் சேர்க்கிற ரசாயனங்கள் பெல்ட் ரப்பரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஒப்புதல். உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு இப்போது எந்த ஒப்புதல் நடப்பில் இருக்கிறது என்று டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இடையில் மாற்றியிருக்கிறார்கள். பழைய பில்களிலும் இதைத்தான் தேட வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் குத்திய சீல் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று சொல்லாது.

பில்களை எடுத்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2024-இல் பெஜோவின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் ஐரோப்பாவில் இந்த இன்ஜின்களுக்கு, பெல்ட் சிதைவுக்கும் அளவுமீறிய ஆயில் செலவுக்கும், 10 வருடம் அல்லது 1,75,000 கிமீ வரை வாரண்டிப் பாதுகாப்பை நீட்டித்தது. சர்வீஸ் முறைப்படி நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் வண்டி அந்த வரம்புக்குள் வருகிறதா என்று வாங்குவதற்கு முன்பே சேஸிஸ் எண்ணைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

---

ஐந்துமில்லி எழுதியது:

பெல்ட் பேச்சில் ஆயில் குடிப்பதை மறந்துவிட வேண்டாம், மேலே வாரண்டியிலேயே அது வந்துவிட்டது. கால் மணி ஓட்டத்தில் அது தெரியாது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி பக்கம் பாருங்கள். பாதி காலியான ஆயில் டப்பா அங்கே கிடந்தால் அதுவும் ஒரு ரிப்போர்ட்தான்.

மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு நல்லது. ஈரக் கறுப்பு, அல்லது நுனியில் சாம்பல் மாதிரி கெட்டியான படிவு என்றால் ஆயில் எரிகிறது. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரில்தான் கதை.

பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷனும் பார்த்துவிடுங்கள். சூடான இன்ஜின், இன்ஜெக்டர் இணைப்புகளும் இக்னிஷன் காயில்களும் கழற்றியபடி, த்ராட்டில் முழுத் திறப்பில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஸ்டார்ட்டர் சுற்று. எண் எவ்வளவு என்பதைவிட மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் சரி. ஒன்று தாழ்ந்தால் அதில் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

லீக்-டவுன் டெஸ்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு. பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்திக் காற்று ஏற்றி, காதை வைத்துக் கேட்க வேண்டும். ஆயில் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, கூலன்ட் டாங்கில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். கசிவு 20 சதவீதம் தாண்டினால் நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

இன்டேக் வால்வில் கரி படிவது டைரக்ட் இன்ஜெக்‌ஷனின் பொது வியாதி. பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவுவதில்லை, பிசிவி ஆயில் ஆவி அங்கேயே வறுபட்டு ஒட்டும். காலையில் ஐடிலிங் தடுமாறி, சூடானதும் சரியாவது இதன் அடையாளம். வால்நட் ஓட்டுத்தூள் பிளாஸ்டிங்கில் தீரும். இதற்காக வண்டியை ஒதுக்கத் தேவையில்லை.

---

மூணுசிலிண்டர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்ததில் கிடைத்தவை:

ஸ்டார்ட்டுக்கு முன் கூலன்ட் 27, காற்று 26. கோடு எதுவும் இல்லை, பெண்டிங்கும் இல்லை, அழித்தபின் ஓடிய தூரம் 9,400 கிமீ. சூடான ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம் மைனஸ் 6. பிரேக் பெடல் சாதாரணம். பிளக் மூன்றும் ஒரே வெளிர் பழுப்பு. கம்ப்ரஷன் வித்தியாசம் 6 சதவீதம். பெல்ட் முதுகில் விரிசல் இல்லை, ஆனால் ஓரத்தில் இரண்டு இடத்தில் நூல் பிசிறு. எட்டு இடத்தில் கேஜ் வைத்ததில் மூன்றில் உட்காரவில்லை. பில்களில் ஒருமுறை மட்டும் 27,000 கிமீ இடைவெளி, மற்றதெல்லாம் வருடம் ஒன்று, ஒப்புதல் எண்ணோடு. என் செலவில் என்றால் சம்பைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கிறார். நீட்டித்த பாதுகாப்பு இந்த வண்டிக்குப் பொருந்தாது என்று எழுத்தில் வந்துவிட்டது. வாங்கலாமா?

---

சம்ப்கழட்டி எழுதியது:

பெல்ட் போய்விட்டது, இன்ஜின் போகவில்லை. உங்கள் எண்கள் சொல்வது அதுதான். சம்பைக் கழற்ற விடுகிறார் என்பது நல்ல அறிகுறி. கழற்றுங்கள், ஆனால் அதற்கு முன் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் ஐடிலிலும் 2,000 சுற்றிலும் அளந்து குறித்து வையுங்கள். இந்த இன்ஜினில் பம்ப் தன் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும். அதனால் பொதுக் கணக்கோடு ஒப்பிடாமல் ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

சம்ப் திறந்ததும் மூன்று நிலைகளில் ஒன்று இருக்கும்.

ஸ்டிரெய்னர் சுத்தம், அல்லது நாலைந்து ரப்பர் துணுக்கு: வாங்கலாம். டார்க்ரெஞ்ச் சொன்ன இரண்டாவது வகை வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை முழுசாக விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதி என்று பேரம் போகும், விடாதீர்கள். அவர் காலம் கடத்திய வேலை அது.

வலையில் மூன்றில் ஒரு பங்கு அடைப்பு, பிரஷர் மேனுவல் அளவுக்குள்: ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்த பிறகே முடிவு. டப்பாவை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்புத் துணுக்கு விரலில் நசுங்கினால் ரப்பர். மினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறமாகவோ மினுங்கினால் பேரிங் மேற்பூச்சு உரிகிறது, அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். டர்போவின் இன்டேக் குழாயைக் கழற்றி ஷாஃப்டையும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சின்ன ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் கையில் உணரும்படி ஆடினால் டர்போ பட்டினி கிடந்திருக்கிறது.

பாதிக்கு மேல் அடைப்பு, அல்லது பிரஷர் குறைவு: எந்த விலைக்கும் வேண்டாம். பேரிங் எவ்வளவு தேய்ந்தது என்று இன்ஜினைப் பிரிக்காமல் தெரியாது, பிரிக்கிற செலவு உங்கள் தலையில்.

---

டார்க்ரெஞ்ச் எழுதியது:

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். வாங்கினால் முதல் ஆயிலை 1,000 கிமீயிலேயே மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். வேலை முடிந்தபிறகும் ஆயில் போகும் உள்வழிகளில் ஒட்டியிருந்த துணுக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். அடுத்த மாற்றத்தில் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். அதன்பின் புத்தகம் என்ன சொன்னாலும் 10,000 கிமீ அல்லது ஒரு வருடம். உள்ளூர் ஓட்டம் மட்டும் என்றால் 7,500 கிமீ, கூடவே வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நிற்காத ஓட்டம். அகலக் கேஜை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் இறக்கிப் பார்க்கச் சொல்லி, எத்தனை இடத்தில் வைத்தார்கள், எத்தனையில் உட்கார்ந்தது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் இதே கேள்வியோடுதான் வருவார்.